எடுக்காத பங்கு

எங்கள் மலையில் தேவனூர் நாட்டு ஊர்களில் எந்தக் கோயில் நோம்பி என்றாலும் மைக் செட் ராசப்பனைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ராசப்பன் நான்தான். நான்கு ஸ்பீக்கர், ஒரு ஜெனரேட்டர், அதையெல்லாம் ஏற்றிப் போக ஒரு பழைய டெம்போ, இவ்வளவுதான் என் சொத்து. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், அடிவாரத்து மாதா கோயில் தேர் என்று எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. சண்டை கிளம்புகிற மாதிரி இருந்தால் முதலில் மைக்கை அணைத்துவிட வேண்டும், அப்புறம்தான் என்ன ஏது என்று கேட்க வேண்டும். ஸ்பீக்கரில் போன பேச்சை எவனும் திருப்பி எடுக்க முடியாது.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. நோம்பி தொடங்கும் அன்று, ஊர் எல்லைக்குள் இருக்கிறவர்களுக்குப் பூசாரி சின்னான் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டுவார். ஒரு கயிறு கட்டினால் ஒரு கூழாங்கல்லை அம்மன் கலயத்தில் போடுவார். காப்பு அவிழ்க்கும்வரை யாரும் எல்லை தாண்டக் கூடாது. கடைசி நாள் கிடா வெட்டி, கறியும் சாமைச் சோறும் ஆக்கி, கலயத்துக் கற்களை எடுத்து, கல்லுக்கு ஓர் இலை என்று பங்கு வைப்பார். கயிறு கட்டின கைதான் பங்கை எடுக்க வேண்டும். கைக்குழந்தை என்றால் அதன் கையை இலையில் தொட வைப்பார்கள். கடைசிப் பங்கை எடுக்கும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் அழுவார்களே, அதுதான் எங்கள் நோம்பியின் பெரிய பாட்டு.

இந்த வருஷம் காப்புக்கு முன்பே தகராறு வந்துவிட்டது. ஓடைக்கு மேலே, அம்மன் சோலையை ஒட்டி ஒரு ரிசார்ட் கட்டுகிறார்கள். காண்ட்ராக்டர் முருகானந்தம் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். அவர் ஜேசிபியை விட்டு மலைச் சரிவைச் சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டியிருந்தார். வெட்டின இடத்துக்கு நேர் கீழே தகர ஷெட். அதில்தான் வேலையாட்கள் இருந்தார்கள். எல்லோரும் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள், ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்து பேர் இருக்கும்.

சரிவை வெட்டக் கூடாது என்று கோயில் பேரில் மனு கொடுத்தவள் என் மனைவி முனியாயி. வானம் இப்போது முன்னைப் போல இல்லை, ஆடியில் பெய்ய வேண்டியது பெய்வதில்லை, பெய்கிறபோது ஊற்றித் தள்ளிவிடுகிறது, வேர் பிடித்திருக்கும் மண்ணை வெட்டினால் மலை நிற்காது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். மனு போன இடம் தெரியவில்லை. ஆனால் முருகானந்தம் மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார் போல. ஒரு நாள் கோயிலுக்குப் புது மணி ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். பெரிய மணி. அடித்தால் மலையில் அடுத்த நாட்டு ஊர்கள் வரைக்கும் கேட்கும். அதற்குப் பிறகு மனுவைப் பற்றி யாரும் பேசவில்லை, என் மனைவியைத் தவிர.

அவள் அடுத்த வம்பை ஊர்க்கூட்டத்தில் இழுத்தாள். எல்லைக்குள் தூங்குகிறவர்களுக்கெல்லாம் காப்பு என்றால் ஷெட்டில் தூங்குகிறவர்களுக்கும் கட்ட வேண்டாமா என்று கேட்டாள். ஊர்க்கவுண்டர் காளியண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. பாஷை தெரியாத, குலம் தெரியாத ஆளுக்கெல்லாம் காப்புக் கட்டுவது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது மாதிரி என்றார். நாளைக்கு ஒருத்தன் எல்லை தாண்டிப் போய்விட்டால் குற்றம் ஊருக்குத்தானே என்றும் கேட்டார்.

முனியாயி உட்கார்ந்தபடியே சொன்னாள்: "நாமளும் அம்மனைக் கலயத்துல வச்சுத் தூக்கிக்கிட்டு மலையேறி வந்தவிகதானுங்க. வருசா வருசம் பூசாரி மைக்குல அதைத்தானுங்க சொல்றாரு. எம் மகன் கவின் குடகுல காப்பித் தோட்டத்துல தகரக் கொட்டாயில கெடக்கறான். மிளகு காஞ்சு போனதாலதானே போனான். அங்கத்த சாமி அவனைப் பார்க்க மாட்டேன்னு சொன்னா நாம எங்கீங்க போறது?"

ஊரே பார்க்கும்போது அழக் கூடாது என்று நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பூசாரி சின்னான் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் பூசாரி கொடுத்தார்.

பாஷைக்கு சிஸ்டர் அமலியைக் கூப்பிட்டோம். அடிவாரத்தில் மருந்தகம் நடத்தும் கன்னியாஸ்திரீ அவர். ராஞ்சிப் பக்கம் பல வருஷம் இருந்தவர், இந்தி நன்றாக வரும். காப்பு என்றால் என்ன, எல்லை எது, பங்கு எப்படி எடுக்க வேண்டும் என்று வேலையாட்களுக்கு எடுத்துச் சொன்னார். அவர்களுக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. அவர்கள் ஊரிலும் மரத்தடியில் சாமி உண்டு, சோலையில் மரம் வெட்டக் கூடாது என்ற கட்டு உண்டு என்று சோமாரி என்ற பெண் சொன்னாளாம். அங்கேயும் மழை பொய்த்து நாற்று கருகியதால்தான் தானும் தம்பி மங்ராவும் கிளம்பி வந்ததாகச் சொன்னாளாம். அக்காளும் தம்பியும் சேர்ந்தே வந்து கையை நீட்டினார்கள்.

அப்போதுதான் முருகானந்தமும் முன்னால் வந்து கை நீட்டினார். மணி கொடுத்தவருக்கு மரியாதை என்று காளியண்ணன் அவருக்குப் பரிவட்டம் கட்டினார். வேலை முடியும்வரை எப்படியும் மலைமேலேதான் தங்கப் போகிறேன், எனக்கும் ஒன்று கட்டுங்கள் என்று முருகானந்தம் சிரித்துக்கொண்டே கேட்டார். தன் ஆட்களுக்குக் கட்டும்போது முதலாளிக்குக் கட்டாவிட்டால் எப்படி என்று எல்லோருக்கும் சந்தோஷம். நானும் அவர் பெயரை மைக்கில் இரண்டு தடவை சொன்னேன். பூசாரி ஒரு கல்லைக் கலயத்தில் போட்டார்.

மறுநாள் ஒரு வேடிக்கை. எங்கள் ஊர் எல்லைக்கல் பஸ் நிற்கும் இடத்தில் இருக்கிறது. பெட்டிக்கடை கல்லுக்கு அந்தப் பக்கம். மங்ரா கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கடைக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தீப்பெட்டி வேண்டும். நாலு எட்டு வைத்தால் கடை. வைக்க மாட்டேன் என்கிறான், கயிற்றைக் காட்டுகிறான். கடைக்காரர் தீப்பெட்டியை வீசினார், அவன் பிடித்துக்கொண்டு காசை வீசினான். நான் சிரித்துவிட்டேன். நாங்களெல்லாம் கல்லை ஒட்டின கடைதானே என்று போய் டீ குடித்துவிட்டு வருகிறவர்கள்தான். அவனும் என்னைப் பார்த்துச் சிரித்தான், முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

வைகாசியில் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. பங்கு எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு சாயங்காலம் ஆரம்பித்தது, நிற்கவேயில்லை. முனியாயி மழைக்குக் கம்பளிக் கொங்காடையைத் தலையில் போட்டுக்கொண்டு போய் ஷெட்டிலிருந்த எல்லோரையும் கோயில் மண்டபத்துக்கு அழைத்து வந்துவிட்டாள். விடியும் நேரத்தில் பெரிய சத்தம். இடி என்றுதான் படுத்திருந்தோம். வெளுத்த பிறகு போய்ப் பார்த்தால் வெட்டின சரிவு முழுசாகக் கீழே இறங்கியிருந்தது. ஷெட் இருந்த இடம் தெரியவில்லை. செம்மண்ணும் பாறையும் வேரோடு பலா மரமும்தான் கிடந்தன.

ஊரே அங்கே நின்று கும்பிட்டது. இவர்கள் மண்டபத்துக்கு வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். முருகானந்தம் முகம் வெளுத்துப் போய் வந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் அம்மன் காப்பாற்றியது என்று சொல்லி, சன்னதியில் தேங்காய் உடைத்தார். பாவம், பயந்துவிட்டார் மனுஷன் என்று நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

தம்பியைக் காணோமே என்று சோமாரி கேட்டதற்கு, ஈரோட்டு சைட்டுக்கு அவசரமாக ஓர் ஆள் வேண்டியிருந்தது, விடியும் முன்னே சிமெண்ட் லாரியில் அனுப்பிவிட்டேன் என்று சொல்லிவிட்டார். அவள் போன் போட்டாள். அணைத்து வைத்திருப்பதாக வந்தது. மலையில் போன் கிடைப்பது மழை மாதிரிதான், அதனால் அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. சிஸ்டர் அமலி வேலையாட்களுக்கு மருந்தும் போர்வையும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் வந்து சேர்ந்தார். உச்சிக்குப் பூசாரி கலயத்தைத் திறந்தார். கல்லுக்கு ஓர் இலை, வாழை இலை நறுக்கில் ஆவி பறக்கச் சோறும் கறியும். முதலில் குழந்தைகள், அப்புறம் பெண்கள், ஆண்கள், கடைசியில் ஊர்க்கவுண்டர், பரிவட்டம் கட்டின மரியாதைக்காரர், பூசாரி என்பது முறை. நான் மைக்கில் குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டேன். வேலையாட்களும் வரிசையாக வந்து கயிற்றுக் கையால் எடுத்துப் போனார்கள். முடிவில் மூன்று இலை இருக்க வேண்டும். நான்கு இருந்தன.

இலையைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே நின்றது. பிள்ளைகள் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். யார் எடுக்கவில்லை என்று நான் மைக்கில் கேட்டேன். சோமாரிதான் முன்னால் வந்து, அது தம்பியின் பங்கு என்று சைகை காட்டினாள்.

காளியண்ணன் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி ஆரம்பித்தார். சொன்னேனே, கேட்டீர்களா, காப்புக் கட்டினவன் எல்லை தாண்டிப் போய்விட்டான், இனி ஊருக்கு என்ன வருமோ என்று குரலை உயர்த்தினார். இரண்டு பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். நான் என் தொழில் பாடப்படி மைக்கை அணைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் மங்ரா மேல் ஆத்திரம்தான் வந்தது. அத்தனை பாசாங்கு செய்து தீப்பெட்டியை வீசச் சொன்னவன், முதலாளி கூப்பிட்டதும் லாரியில் ஏறிவிட்டானே என்று.

சோமாரி அழவில்லை. சிஸ்டர் அமலியின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக ஏதோ சொன்னாள். சிஸ்டர் எங்கள் பக்கம் திரும்பி, தம்பி போயிருக்க மாட்டான் என்கிறாள், தீப்பெட்டி வாங்கக்கூடக் கல்லைத் தாண்டாதவன் ஈரோட்டுக்குப் போவானா என்று கேட்கிறாள் என்றார். அந்தத் தீப்பெட்டி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நான் பார்த்ததை ஊருக்குச் சொன்னேன்.

பூசாரி முருகானந்தத்தைப் பார்த்தார். தப்பிப் போனவனைக் கூப்பிட்டுக் கேட்பதுதான் முறை, அந்த சைட்டுக்குப் போன் போடுங்கள் என்றார். சிக்னல் இல்லை என்றார் முருகானந்தம். சிக்னல் இருந்தது, எங்கள் பக்கத்திலேயே ஒருத்தன் போனில் பேசிக்கொண்டிருந்தான். சரி, மேஸ்திரி நம்பரைக் கொடுங்கள், நான் போடுகிறேன் என்று சிஸ்டர் கேட்டார். நம்பர் டைரியில் இருக்கிறது, டைரி வீட்டில் இருக்கிறது, நானே போய் அவனைக் கையோடு கூட்டி வருகிறேன் என்று முருகானந்தம் ஜீப் சாவியை எடுத்தார்.

"நீங்களும் கயிறு கட்டியிருக்கீங்களே சாமி," என்றார் பூசாரி மெதுவாக. "எல்லை தாண்டப்படாதுங்க."

முருகானந்தம் மண்டபத்துக்குப் பின்னால் போனார். என் ஜெனரேட்டர் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது, டீசல் பார்க்க நானும் போனேன். அவர் ஜீப்பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாவிக்கொத்தில் இருந்த சின்னக் கத்தியால் மணிக்கட்டில் இருந்த கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கயிறு சேற்றில் விழுந்தது. ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

எனக்கு இந்த வயதுக்கு எத்தனையோ பார்த்தாயிற்று. கோயில் உண்டியலை உடைத்தவனைப் பார்த்திருக்கிறேன், குடித்துவிட்டுச் சாமியைத் திட்டினவனைப் பார்த்திருக்கிறேன். காப்பை அறுத்தவனைப் பார்த்ததில்லை. எங்கள் அப்பன் காலத்திலும் அப்படி ஒன்று கேள்விப்பட்டதில்லை. கயிற்றைச் சேற்றிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். பூசாரியின் கையில் கொடுத்தேன். அவர் அதை விரித்துப் பார்த்தார். முடிச்சு முடிச்சாகவே இருந்தது, பக்கத்தில் வெட்டு. ஊர் மொத்தமும் அந்தக் கயிற்றைப் பார்த்தது, ஒரு பிள்ளைகூட அழவில்லை.

முனியாயிதான் சொன்னாள். "அந்த மண்ணுக்குள்ள ஆள் இருக்குதுங்க."

இலைகளை அம்மன் முன்னால் வைத்துவிட்டு ஓடினோம். மண்வெட்டி, கடப்பாரை, சும்மா கை, எது கிடைத்ததோ அதை வைத்துத் தோண்டினோம். ஜேசிபி ஓட்டுகிற ஆள் தானாகவே வண்டியை எடுத்து ஓரத்துப் பாறைகளை மட்டும் நகர்த்தினான். காளியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் மண்ணை வாரிக்கொண்டிருந்தார். வாரும்போதே, இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் சிமெண்ட் மூட்டைகள் தட்டுப்பட்டன. மேலே நீலத் தார்ப்பாய் பாதி விரித்திருந்தது. தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்தபடி ஒரு கை. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

முதலில் கையைப் பார்த்தது காளியண்ணன். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சோமாரி ஓடி வந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளை யாரும் விலக்கவில்லை. உடனே உயிர் போயிருக்கும், வேதனை தெரிந்திருக்காது என்று யாரோ சொன்னார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் அந்தப் பேச்சையே நம்பிக்கொண்டேன். முந்தின நாள் இதே மண்ணுக்கு முன்னால் நின்றுதான் நாங்கள் அம்மனுக்கு நன்றி சொன்னோம்.

போலீஸ் வந்தது. அந்த வேலையில் இப்படி ஓர் ஆள் இருந்ததற்கு எந்தக் காகிதமும் இல்லை என்றார்கள். இறந்தவருக்கு எந்த ஊர் என்று கேட்டதற்குச் சிஸ்டர் அமலி ஜார்க்கண்டின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். காளியண்ணன் அதற்குள், "இந்த ஊருதானுங்க, எங்க ஆளுங்க," என்றார்.

இரவெல்லாம் மங்ராவைக் கோயில் வாசலில் வைத்துக் காத்திருந்தோம். விடிந்ததும் ஆம்புலன்ஸ் வந்தது, நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். காப்போடு எல்லை தாண்டக் கூடாதே என்று பூசாரி மங்ராவின் கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்தார். ஈரத்தில் முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தார், பல்லால் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. ஆம்புலன்ஸ்காரர் கத்தரிக்கோலை நீட்டினார்.

பூசாரி அதை வாங்கவில்லை. "ஒருத்தன் அறுத்தது போதுங்க," என்றார். எழுந்து போய் அம்மன் முன்னால் இருந்த கலயத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "கலயம் இருக்கற எடம்தான் எல்லைன்னு நம்ம பெரியவுங்க சொன்னாங்க. இவன் எங்க போறானோ அங்க கலயமும் வருது. எல்லையும் வருது."

அவர் பேச்சு எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. மலையேறிய நாளிலிருந்து கலயம் கீழே இறங்கினதே இல்லை. காளியண்ணன் மறுப்பார் என்று நினைத்தேன். அவர் முதல் ஆளாக எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். எடுக்காமல் கிடந்த முருகானந்தத்தின் பங்கைப் பூசாரி இலையோடு மடித்து முனியாயியிடம் கொடுத்துப் பத்திரமாகக் கொண்டுவரச் சொன்னார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

என் டெம்போவில் பூசாரி கலயத்தோடு முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் ஆம்புலன்ஸ், அதற்குப் பின்னால் வேன், லாரி, பைக் என்று ஊர் மொத்தமும். நான் மைக்கைப் போட்டேன். எங்கள் ஊரில் காப்புக் கட்டிய மங்ரா மண் சரிந்து இறந்துவிட்டார், கலெக்டர் ஆபீசுக்கு நியாயம் கேட்கப் போகிறோம், மலையை வெட்டுவதை நிறுத்த வேண்டும், வேலைக்கு வருகிறவர்களின் பெயரைப் பதிய வேண்டும் என்று முனியாயி சொல்லச் சொல்ல வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். எழுபது வளைவு இறங்கினதில் தொண்டை கட்டிவிட்டது. வழியில் நின்றவர்கள் கலயத்தைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார்கள்.

சிஸ்டர் அமலி முன்கூட்டியே போன் செய்திருந்தார். அடிவாரத்தில் மாதா கோயில் ஆட்கள் நின்றார்கள். சேந்தமங்கலத்துப் பள்ளிவாசல் ஜமாத்திலிருந்தும் தண்ணீரும் ரொட்டியுமாக வந்திருந்தார்கள். யாரும் எதுவும் கோஷம் போடவில்லை, எங்களோடு சேர்ந்து வந்தார்கள். காளப்பநாயக்கன்பட்டித் தெருவில் திரும்பும்போது பூசாரி என் தோளைத் தொட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். அது முருகானந்தத்தின் வீடு.

பூசாரி கலயத்தோடு இறங்கி வாசலில் நின்றார். முனியாயி வாசற்படியில் இலையை விரித்து வைத்தாள். சோறு காய்ந்து போயிருந்தது. கதவைத் திறந்த முருகானந்தத்தின் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. கலயத்தைக் கண்டு கும்பிட்டுவிட்டு உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். அவர் வந்தார். ஒரே நாளில் கிழவனாகிவிட்டிருந்தார்.

"உங்க பங்குங்க," என்றார் பூசாரி. "எடுத்துக்கங்க."

முருகானந்தம் பழக்கத்தில் வலது கையை நீட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். கை இலைக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. பின்னால் ஆம்புலன்சின் கதவு திறந்திருந்தது. மெல்லப் படியில் உட்கார்ந்தார். மைக் என் கையில்தான் இருந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"நாந்தான் எழுப்பி அனுப்புனேன். சிமெண்ட் நனையுதுன்னு," என்றார். நான்கு ஸ்பீக்கரிலும் அது கேட்டது. "மண்ணு விழுதுன்னு கையைக் காட்டுனான். போடான்னேன்."

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர் வீடுகளில் கதவு திறந்தது. அவர் நிறுத்துவார் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை.

"உடனே சாகலைங்க. உள்ளார இருந்து கூப்பிட்டான். அக்காளைத்தான் கூப்பிட்டான். எனக்குக் கேட்டுச்சு. ரொம்ப நேரம் கேட்டுச்சு. ஆள் கூப்பிட்டா வேலை நின்னு போகும்னு ஜீப்புல உக்காந்திருந்தேன்."

ஜெனரேட்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் தேங்காய் உடைத்தபோது நாங்கள் கும்பிட்டோமே, நான் தண்ணீர் கொடுத்தேனே, அப்போதெல்லாம் இவர் காதில் அந்தக் குரல் இருந்திருக்கிறது.

சோமாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் என்ன சொன்னார் என்று சிஸ்டர் அமலியைக் கேட்டாள். அவள் திரும்பவும் கேட்டாள். சிஸ்டர் அவள் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். என் விரல் பழக்கத்தில் சுவிட்சுக்குப் போனது. காளியண்ணன் என்னைப் பார்த்தார், பூசாரி பார்த்தார். நான் மைக்கை அணைக்கவில்லை.